மைனா இறகும் கிடா மயிரும்: டிரவுட் ஈ கட்டுவதில் மாற்றுப் பொருள்கள்

மஞ்சள் பட்டு நூலில் ஒரு முழம் எடுத்து, செருப்பு தைப்பவர்கள் நூலில் தேய்க்கும் கறுப்பு மெழுகின் மேல் அழுத்தி மூன்று நான்கு முறை இழுத்துப் பாருங்கள். நூல் மஞ்சளாக இருக்காது. வாடிய வாழைக்காய்த் தோல்போல, பழுப்பேறிய மங்கல் பச்சைக்கு மாறிவிடும். டிரவுட் மீனைப் பிடிக்கத் தூண்டில் முள்ளில் நூலும் இறகும் சுற்றிக் கட்டும் செயற்கை ஈக்களில் புகழ்பெற்ற ‘கிரீன்வெல்ஸ் குளோரி’யின் உடல் அந்த நிறம்தான். 1854இல், இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் எல்லையாக ஓடும் ட்வீட் ஆற்றில் மீன் பிடிக்கப் போன டர்ஹம் பாதிரியார் வில்லியம் கிரீன்வெல், ஆற்றில் மீன்கள் விரும்பித் தின்ற ஒரு பூச்சியைப் பிடித்துக்கொண்டு ஸ்ப்ரௌஸ்டன் கிராமத்து ஜேம்ஸ் ரைட்டிடம் போனார். ரைட் ஈ கட்டுவதில் கெட்டிக்காரர். பிளாக்பேர்டு என்ற தோட்டத்துப் பறவையின் சிறகு இறகு, மெழுகு தேய்த்த மஞ்சள் பட்டு, நடுவில் கறுப்பு ஓடிய செந்நிறச் சேவலின் கழுத்து இறகு ஆகிய மூன்றையும் வைத்து ஒன்றைக் கட்டிக்கொடுத்தார்.

இன்று அதே செய்முறையைப் பார்த்துக் கட்ட உட்காருபவருக்கு முதல் வரியிலேயே முட்டுகிறது. பிரிட்டனில் பிளாக்பேர்டைக் கொல்வது குற்றம். பட்டு நூலுக்குப் பதில் கடையில் கிடைப்பது பாலியெஸ்டர். அவர் ஸ்டார்லிங் என்ற ஐரோப்பிய மைனாவின் இறகையும் கடைக்காரர் ‘ஆலிவ்’ என்று பெயரிட்ட நூலையும் வைத்துக் கட்டுகிறார். கட்டி முடித்தது கிரீன்வெல்ஸ் குளோரியா, இல்லை அதன் சாயலில் வேறொன்றா? ஈ கட்டுவோர் தலைமுறை தலைமுறையாக அடித்துக்கொள்ளும் வழக்கு இது. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: செய்முறையில் எழுதியிருக்கும் பறவையின் பெயரைப் பார்க்கக் கூடாது, அந்த இறகு தண்ணீரில் என்ன வேலை செய்தது என்று பார்க்க வேண்டும். மேலே சொன்ன ஆளைப் பொறுத்தவரை, மைனா இறகில் பிழையில்லை. நூலில்தான் கோட்டை விட்டார்.

இந்த உலகத்துக்குப் புதியவர்களுக்குக் கொஞ்சம் பின்னணி. டிரவுட் குளிர்ந்த நீரோடைகளின் மீன். அதன் சாப்பாட்டில் பெரும்பங்கு தண்ணீரில் பிறந்து வளரும் பூச்சிகள். அவற்றில் முக்கியமானது மேஃபிளை. சில மாதங்களோ, ஓராண்டோ அதற்கு மேலோ தண்ணீருக்கடியில் புழுவாகக் கிடந்துவிட்டு, சிறகு முளைத்து மேலே வந்தால் நம் ஊர் ஈசல்போல ஓரிரு நாளில் கதை முடிந்துவிடும். இவ்வளவு சிறிய பூச்சியைத் தூண்டில் முள்ளில் கோக்க முடியாது. அதனால் முள்ளின் மேலேயே நூலும் இறகும் மயிரும் சுற்றி அதைப் போலி செய்கிறார்கள். மிதப்பது உலர் ஈ, மூழ்குவது ஈர ஈ. நீரடிப் புழுவைப் போலி செய்வதற்கு ‘நிம்ஃப்’ என்று பெயர்.

செய்முறைகள் அச்சேறியது மிகவும் பழைய காலத்தில். 1496இல் இங்கிலாந்தில் அச்சான தூண்டில் மீன்பிடி நூல் ஒன்றில் பன்னிரண்டு ஈக்களுக்கான குறிப்புகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று: மங்கிய பழுப்புக் கம்பளி உடல், கௌதாரி இறகுச் சிறகு. இரண்டும் கிராமத்தில் கிடைத்தவை. பழைய செய்முறைகளில் எதை எடுத்தாலும் இப்படித்தான். கோழிக்கூடு, ஆட்டுப்பட்டி, வேட்டைக்காரனின் பை, தையற்காரனின் மிச்சம் ஆகிய இடங்களில் கையை விட்டு எடுத்ததையெல்லாம் அன்றைய ஆள் எழுதிவைத்தான். பின்னால் வந்தவர்கள் அதை மந்திரமாக்கிவிட்டார்கள்.

அந்த ஆட்களுக்கே மந்திர நம்பிக்கை இருக்கவில்லை என்பதற்கு நல்ல சான்று ஸ்காட்லாந்தின் டபிள்யூ. சி. ஸ்டீவர்ட். 1857இல் அவர் எழுதிய மீன்பிடி நூலில் மூன்று ‘சிலந்தி’கள் வருகின்றன. பெயர்தான் சிலந்தி, சிறகு வைக்காமல், மெல்லிய இறகு ஒன்றை மட்டும் சுற்றிக் கட்டிய ஈர ஈக்கள் அவை. மூன்றில் ஒன்றுக்கு டாட்டரல் என்ற மலையோர உப்புக்கொத்தியின் சிறகு இறகு வேண்டும். அதை எழுதிய கையோடு, இந்தப் பறவை அரிது, மைனாச் சிறகின் உட்புற இறகு இருந்தால் போதும் என்று ஸ்டீவர்ட்டே சொல்லிவிடுகிறார். நூற்று அறுபது ஆண்டுகளுக்கு முன், மூலச் செய்முறையின் ஆசிரியரே மாற்றைச் சொல்லிக்கொடுத்த பிறகும், ‘அசல் டாட்டரல் இறகுதான் வேண்டும்’ என்று பழைய பெட்டிகளைத் துழாவுகிறவர்கள் இருக்கிறார்கள். நாட்டு மருந்துக் கடையில் ஒரு மூலிகை தீர்ந்துபோனால் அதே குணமுள்ள இன்னொன்றைக் கட்டிக்கொடுப்பார்கள். ஆயுர்வேதத்தில் இதற்கு ‘அபாவப் பிரதிநிதி’ என்று பெயரே உண்டு. இல்லாததன் பிரதிநிதி. ஸ்டீவர்ட் செய்தது அதைத்தான்.

ஒரு பொருள் ஏன் ‘இல்லாதது’ ஆகிறது? பெரும்பாலும் சட்டத்தால். கார்ன்கிரேக் என்ற புல்வெளிப் பறவை, நாரை, நீர் எலி ஆகிய பழைய செய்முறை உயிர்கள் எல்லாம் பிரிட்டனில் இன்று பாதுகாப்பில் உள்ளவை. இங்கே ஒரு வேடிக்கை: மைனா இன்று பிரிட்டனில் கவலைக்குரிய சிவப்புப் பட்டியலில் இருக்கிறது. அமெரிக்காவிலோ, 1890இல் நியூயார்க்கின் சென்ட்ரல் பூங்காவில் கொண்டுவந்து விட்ட மைனாக்கள் பெருகி நாடெங்கும் தொல்லையாகிவிட்டதால், அதற்குப் பாதுகாப்பே கிடையாது. ஒரே பறவை, ஒரு கரையில் அரிய பொருள், மறுகரையில் மலிவுச் சரக்கு. சட்டத்துக்கு அடுத்தது தயாரிப்பு நின்றுபோவது. அதற்குப் பெயர்போன பலி பட்டு நூல்தான்.

பியர்சால்ஸ் என்ற ஆங்கில நிறுவனத்தின் ‘காஸமர்’ பட்டு, யார்க்ஷையர் பள்ளத்தாக்குகளின் ஈர ஈக்களுக்கு உயிர்நாடி. கௌதாரியும் ஆரஞ்சும், உள்ளானும் ஊதாவும், தாழைக்கோழி புளோவா என்று அந்த ஈக்களின் பெயரிலேயே பாதி இறகு, பாதி நிறம். (புளோவா என்பது வடக்கத்தி வட்டார வழக்கில் மழைமேகத்தின் மங்கிய நீலச் சாம்பல்.) பலவற்றில் உடலுக்கு வேறொன்றும் கிடையாது, வெறும் பட்டுதான். கௌதாரியும் ஆரஞ்சும் ஈயில், உலர்ந்திருக்கும்போது பளிச்சென்ற ஆரஞ்சு. நனைந்ததும் பட்டு ஒளியை உள்ளே விட்டு, கருத்து, செம்மரத்தின் பழுப்புக்கு இறங்குகிறது. அடியில் இருக்கும் முள்ளின் இருட்டும் லேசாகத் தெரியும். பூச்சியின் உடல் அப்படித்தான் இருக்கும். பாலியெஸ்டர் நூல் தண்ணீரைக் குடிக்காது. கடையில் பார்த்த அதே ஆரஞ்சாக ஆற்றுக்குள்ளும் கண்ணைக் குத்தும். காஸமர் தயாரிப்பு நின்றபோது மக்கள் அலறியதில் பாதி பழம்பாசம்தான். மறுபாதி நியாயம். மாற்று வேண்டுமென்றால் அது இன்னொரு பட்டாக இருக்க வேண்டும். நிறத்தின் பெயர் ஒத்துப்போக வேண்டியதில்லை, நனைந்தபின் நிறம் ஒத்துப்போக வேண்டும்.

இந்த ஈக்களில் இறகின் வேலையும் அப்படித்தான். கௌதாரியின் முதுகிறகு மெத்தென்றது. ஓட்டத்தில் மடங்கி, ஓட்டம் தளர்ந்தால் விரிந்து, மூச்சு விடுவதுபோல அசையும். புள்ளியும் பழுப்பும் பொருந்துகிறதே என்று அதன் இடத்தில் விறைப்பான சேவல் இறகைச் சுற்றினால் கிடைப்பது துடைப்பம். நிறம் தவறினாலும் மென்மையான பெட்டைக்கோழி இறகு வேலை செய்துவிடும். கட்டுகிறவர்கள் செய்யும் மிகப் பொதுவான பிழை இதுதான்: கண்ணுக்குத் தெரிகிற நிறத்தைப் பொருத்திவிட்டு, விரலுக்குத் தெரிகிற விறைப்பை விட்டுவிடுகிறார்கள்.

மாற்றுப் பொருள் தேடலின் உச்சக் கதை என்று நான் நினைப்பது ஒரு கம்பளி நூல். ஃப்ராங்க் சாயர் தெற்கு இங்கிலாந்தில் வில்ட்ஷையரின் ஏவன் ஆற்றுக் காவலர், நெதராவன் ஊர்க்காரர். அவர் கட்டிய ‘ஃபெசன்ட் வால்’ நிம்ஃப் இன்று உலகெங்கும் இருக்கிறது. அதில் நூலே கிடையாது. ஃபெசன்ட் கோழியின் வாலிறகு இழைகளை மெல்லிய செம்புக் கம்பியால் கட்டினார். கம்பியே நூல், கம்பியே எடை. அவருடைய இன்னொரு ஈ ‘கில்லர் பக்’, அதாவது கொல்லும் புழு. அதற்கும் இரண்டே பொருள்: கம்பி, காலுறை ஓட்டை தைக்கும் கம்பளி நூல். ஆனால் எந்தக் கம்பளியும் இல்லை; சாட்விக்ஸ் நிறுவனத்தின் 477ஆம் எண். தையல் கூடைகளில் கிடந்த மலிவு நூல். தயாரிப்பு நின்ற பிறகு அந்த அட்டைகளைச் சேகரிப்பாளர்கள் தேடி அலைய, ஓட்டை தைக்கும் நூலுக்கு நகைக்கடை மரியாதை வந்துவிட்டது.

எதற்கு இத்தனை ஆர்ப்பாட்டம்? 477 அட்டையில் பார்க்கும்போது ஒன்றுமில்லாத சாம்பல் பழுப்பு. நனைந்ததும் உள்ளேயிருந்து ஒரு இளஞ்சிவப்பு எழும்பும். தண்ணீரில் வாழும் இறால்பூச்சியின் நிறம் அது. அடியில் சுற்றிய செம்புக் கம்பியின் சிவப்பும் இழைகளின் இடைவெளியில் ஊடுருவும். ஆகவே மாற்றுத் தேடுபவர் அட்டையோடு அட்டையை ஒப்பிட்டால் ஏமாந்துபோவார். சரியான வழி கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் எடுத்துக்கொள்வது. கம்பளிக் கடையின் நான்கைந்து மங்கல் நிற நூல்களைச் செம்புக் கம்பி சுற்றிய முள்ளில் தனித்தனியே சுற்றி, உள்ளே போட்டு, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடிக்க வேண்டும். உலர்ந்தபோது இரட்டைப் பிள்ளைகளாகத் தெரிந்தவற்றில் ஒன்று தண்ணீருக்குள் சேற்று நிறமாகும், இன்னொன்று விரல் நுனியின் சதை நிறமாகும். ஷெட்லாந்து தீவுகளின் ஜேமீசன்ஸ் கம்பளியில் ‘ஆய்ஸ்டர்’ என்ற நிறத்தைப் பலர் இப்படித்தான் தேர்ந்தெடுத்தார்கள். பின்னலாடைக்காக நூற்ற நூல் அது. மீனை நினைத்துச் செய்ததல்ல. 477ம் அப்படித்தான்.

உடலுக்கு மயிர் சேர்ப்பதை ‘டப்பிங்’ என்பார்கள். நமக்கு அந்தச் சொல்லைக் கேட்டதும் சினிமாதான் நினைவுக்கு வரும். இங்கே அதன் பொருள், மெழுகு நூலில் மயிரைத் திரித்து ஒட்டுவது. இந்தப் பகுதியில் செய்முறைகள் கொஞ்சம் கூச்சப்பட வைக்கும். இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்து டிவர்ட்டனில் ஆர். எஸ். ஆஸ்டின் என்பவர் 1900 வாக்கில் ஒரு ஈயைக் கட்டினார். அதன் உடலில் முக்கியச் சரக்கு செம்மறிக் கிடாவின் விதைப்பையில் வளரும் மயிர். எண்ணெய்ப் பிசுக்குள்ள, ஒளி ஊடுருவும், லேசாக இளஞ்சிவப்பேறிய மயிர். அந்த ஈக்குப் பெயர் வைத்தவர் ஜி. இ. எம். ஸ்கூஸ் என்ற வழக்கறிஞர்: ‘டப்ஸ் இண்டிஸ்பென்சபிள்’, கிடாவின் இன்றியமையாதது. நம் இலக்கணக்காரர்கள் இடக்கரடக்கல் என்பது இதைத்தான். கலவை விவரம் பல ஆண்டுகள் ஆஸ்டின் குடும்பத்து ரகசியமாகவே இருந்தது.

அமெரிக்கர்களும் சளைத்தவர்கள் அல்லர். நியூயார்க் மாநிலத்தின் கேட்ஸ்கில் மலைகளில் ராய் ஸ்டீன்ராட் 1916இல் கட்டிய ‘ஹென்ட்ரிக்சன்’ ஈக்கு நரியின் அடிவயிற்று மயிர் உடல். பின்னால் வந்த ஆர்ட் ஃப்ளிக், அது பெண் நரியின் வயிற்றில் சிறுநீர் பட்டு இளஞ்சிவப்பான மயிராக இருக்க வேண்டும் என்றார். இரண்டு கண்டங்களில் இரண்டு பேர், ஒரே நிறத்தைத் தேடி, ஒரே மாதிரியான இடத்தில் போய் நின்றார்கள். இதற்கெல்லாம் மாற்று மிக எளிது. வெளிர் மயிரோடு ஒரு சிட்டிகை இளஞ்சிவப்பு, ஒரு சிட்டிகை மஞ்சள் கலந்து காப்பித் தூள் அரைக்கும் சிறிய இயந்திரத்தில் சுற்றினால் நொடியில் கிடைக்கும். ஒற்றைச் சாயம் மட்டும் வேண்டாம். பல நிறங்கள் கலந்த மயிர் தண்ணீரில் உயிருள்ளதாகத் தெரியும், ஒரே சாயத்தில் முக்கியது பெயின்ட் அடித்ததுபோல இருக்கும்.

கடல்நாய் மயிர் இன்னும் கடினமான வழக்கு. அமெரிக்காவில் கடல் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டம் 1972இல் வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2009இல் கடல்நாய்ப் பொருள் வணிகத்தைத் தடை செய்தது. வழவழப்பாகவும் விறைப்பாகவும் இருக்கும் அந்த மயிரில் ஒவ்வொரு இழையும் தனித்தனியாக மினுங்கும். நூலில் ஒட்ட மறுத்து உயிரை வாங்கும், ஆனால் ஒட்டியபின் சிலிர்த்துக்கொண்டு நிற்கும். அங்கோரா ஆட்டு மயிர் அதற்கு மிக நெருங்கி வருகிறது. சாதாரணச் செம்மறிக் கம்பளி வராது: தண்ணீரைக் குடித்து, ஒட்டிக்கொண்டு, மினுமினுப்பை விழுங்கிவிடும்.

சிறகுகளில் மாற்றுப் பொருளின் கதை சட்டத்தின் தேதியோடு ஒட்டிக்கொண்டு நடக்கிறது. ‘குவில் கார்டன்’ உள்ளிட்ட கேட்ஸ்கில் உலர் ஈக்களுக்கு அமெரிக்க வுட் டக் வாத்தின் விலாப்புற இறகு வேண்டும்: எலுமிச்சைப் பழுப்பில் மெல்லிய கரும்வரிகள். அந்த வாத்து அழியும் நிலைக்கு வந்ததால் 1918 முதல் 1941 வரை அமெரிக்காவில் அதைச் சுடத் தடை. அந்த ஆண்டுகளில் ஈ கட்டுவோர் கிழக்காசியாவின் மாண்டரின் வாத்தின் இறகுக்கு மாறினார்கள். இரண்டும் நெருங்கிய உறவு, இறகைக் கலந்து வைத்தால் பிரிப்பது கடினம். இன்றைய மலிவு மாற்று, சாயம் போட்ட மல்லார்டு வாத்திறகு. தொலைவிலிருந்து பார்த்தால் சரி. ஆனால் கோடுகள் பருமன், இழை கொஞ்சம் முரடு. மீன் அதைப் பொருட்படுத்துமா என்றால், அநேகமாக இல்லை. உலர் ஈயைக் கீழிருந்து பார்க்கும் டிரவுட்டுக்கு முதலில் தெரிவது தண்ணீரின் மேற்பரப்பில் இறகு நுனிகள் போடும் குழிகள்தான்.

அந்தக் குழிகளைப் போடும் சேவல் இறகில் மட்டும் காலம் பின்னோக்கிப் போகவில்லை. நம் ஊரில் சேவல் வளர்ப்பவர்கள் கீரி, வல்லூறு, காகம், மயில் என்று நிறம் பிரிப்பதுபோல இவர்களிடமும் ஒரு அகராதியே உண்டு. பழைய நாள்களில் இந்தியாவிலும் சீனாவிலும் இருந்து சாதாரண நாட்டுச் சேவல்களின் கழுத்துத் தோல்கள் போயின. பிறகு அமெரிக்காவின் ஓரிகனில் ஹென்றி ஹாஃப்மன் போன்றவர்கள் இறகுக்காகவே சேவல்களை இனப்பெருக்கம் செய்தார்கள். அவருடைய வம்சத்தை 1989இல் கொலராடோவின் வைட்டிங் பண்ணை வாங்கிக்கொண்டது. பழைய சேவலின் கழுத்தில் அரிதாகக் கிடைத்த விறைப்பும் சீரும் இப்போது இறகுக்கு இறகு கிடைக்கிறது. மூலப் பொருளை விட மாற்று மேலானது. அதற்கும் ஒரு சோதனை வந்தது: 2011 வாக்கில் அமெரிக்கப் பெண்கள் கூந்தலில் நீளமான வரிச்சேவல் இறகைச் செருகிக்கொள்ளும் மோகம் பிடித்து, அழகு நிலையங்கள் பண்ணைகளைக் காலி செய்தன. மீன்பிடிக் கடைகளில் விலை பல மடங்கு ஏற, ஈ கட்டுவோர் முணுமுணுத்துக்கொண்டு பழைய இந்தியக் கழுத்துத் தோல்களுக்குத் திரும்பினார்கள்.

நம் மலைகளும் இந்தக் கதையில் உண்டு. அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் தொப்பி தைத்துக்கொண்டிருந்த கேரி ஸ்டீவன்ஸ், 1924 ஜூலை 1 அன்று தான் கட்டிய ஈயால் 6 பவுண்டு 13 அவுன்ஸ் எடையுள்ள புரூக் டிரவுட் ஒன்றைப் பிடித்தார். அதிலிருந்து புகழ்பெற்ற ‘கிரே கோஸ்ட்’ என்ற நீண்ட ஈயின் கன்னத்தில் இருக்கும் பொட்டு, மேற்குத் தொடர்ச்சி மலைகளின் சாம்பல் காட்டுக்கோழிச் சேவலுடைய கழுத்து இறகு. அரக்கைச் சொட்டுவிட்டதுபோல வெண்மையும் மஞ்சளுமாக மினுங்கும் அந்தப் புள்ளி வேறெந்தப் பறவையிடமும் அப்படி இல்லை. இந்திய வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972க்குப் பின் அதைக் காட்டில் வேட்டையாட முடியாது. வெளிநாட்டுச் சந்தைக்கு அங்கேயே வளர்த்த பறவைகள்தான் வழி, விலையும் அதற்கேற்ப. பெயின்ட் அடித்த மைனா இறகு, அச்சிட்ட பிளாஸ்டிக் என்று மாற்றுகள் வந்தன. எல்லாம் அசிங்கம் என்பது என் எண்ணம். பொட்டை வைக்காமலே விட்டுவிடலாம். சின்ன மீன் போல நீந்துவதுதான் அந்த ஈயின் வேலை, அதை நீளமான இறகுகளே பார்த்துக்கொள்ளும்.

மாற்றே கூடாது என்ற பிடிவாதம் எங்கே கொண்டுபோய்விடும் என்பதற்கு 2009 ஜூன் மாதத்து இங்கிலாந்து இரவு ஒன்று சாட்சி. லண்டனில் இசை படித்துக்கொண்டிருந்த, விக்டோரியா காலத்துச் சால்மன் ஈக்கள் கட்டுவதில் பெயர்பெற்ற ஒரு அமெரிக்க மாணவர், டிரிங் ஊரிலிருக்கும் இயற்கை வரலாற்று அருங்காட்சியகக் கிளைக்குள் புகுந்து 299 பறவைத் தோல்களைத் திருடினார். டார்வின் காலத்து இயற்கை ஆய்வாளர் ஆல்ஃப்ரெட் ரஸல் வாலஸ் சேகரித்தவையும் அதில் இருந்தன. சக கட்டுநர்களுக்கு இறகு இறகாக விற்றார். எங்கே, எப்போது பிடித்தது என்று எழுதியிருந்த சீட்டுகள் பலவற்றிலிருந்து அறுத்தெறியப்பட்டதால், திரும்பக் கிடைத்தவற்றில் ஒரு பகுதி ஆய்வுக்கு உதவாமல் போனது. அந்த இறகுகளில் கட்டிய ஈக்கள் கண்ணாடிச் சட்டத்துக்குள் போகும் ரகம், அவை தண்ணீரைப் பார்ப்பதே இல்லை.

உண்மையிலேயே மாற்றில்லாத பொருள் என்று எனக்குத் தோன்றுவது ஒன்றுதான், அது அரிதானதும் இல்லை: மயிற்பீலியின் இழை. அதன் பச்சையும் வெண்கலமும் சாயத்தால் வருவதல்ல. இழையின் நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுத் தெறிப்பதால் வருவது. அதனால் திருப்பினால் மாறுகிறது, நனைந்தாலும் மங்குவதில்லை. மினுங்கும் பிளாஸ்டிக் இழைகள் பளபளக்கின்றன, ஆனால் பீலியின் சிறுமயிர்கள்போல ஓட்டத்தில் அசைவதில்லை. குறை ஒன்று உண்டு. டிரவுட்டின் பல் ஒருமுறை பட்டால் இழை அறுந்து, உடல் மொத்தமும் அவிழ்ந்துவிடும். ஆகவே பீலியை ஒரு பக்கமாகச் சுற்றியபின், தலைமயிர் பருமனுள்ள செம்புக் கம்பியை எதிர்ப்பக்கமாக நான்கு சுற்றுச் சுற்றி, இழைகள் நசுங்காதபடி ஊசியால் நிமிர்த்திவிடுகிறார்கள்.